கூடுதலாக ஓடிய 6,412 கிலோமீட்டர்

எங்கள் அமைப்பிடம் நான்கு வருடமாக ஒரு வெள்ளை எர்டிகா இருந்தது. இதை வாசிக்கிற தோழர்கள் பலர் அதில் ஏறியிருப்பீர்கள். உண்மை அறியும் குழுவில் வந்த வழக்கறிஞர்கள் சிலர் அதன் பின்சீட்டில் படுத்துத் தூங்கியும் இருப்பீர்கள். அது எங்கள் சொந்த வண்டி அல்ல என்பது பலருக்குத் தெரியாது. 2019 ஜூனில் 48 மாதக் குத்தகைக்கு எடுத்தது. 2023 ஜூனில் கெடு முடிந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டோம். "வண்டியை வித்துட்டீங்களா?" என்று போகிற இடமெல்லாம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே எழுதிவிடுகிறோம்.

லீஸ் என்ற சொல்லுக்கு எங்கள் வீடுகளில் தெரிந்த பொருள் நிலக் குத்தகைதான். களத்திலேயே நெல்லை அளந்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிட்டுப் போவார்கள் என்று எங்கள் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். காரைக் குத்தகைக்கு எடுக்கலாம் என்பதே எங்களுக்குப் புதிதாக இருந்தது. எடுத்ததற்குக் காரணமும் சாதாரணமானது. அப்போது எங்களுக்கு ஒரு பெரிய நிறுவனம் வழியாக நிதி வந்துகொண்டிருந்தது. அந்த நிதியில் வண்டி வாங்கக் கூடாது, வாடகை கொடுக்கலாம் என்பது விதி. மாதம் 21,500 ரூபாய், நான்கு வருடத்தில் 80,000 கிலோமீட்டர் வரை ஓட்டலாம், அதற்குமேல் ஓடினால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 50 காசு. கையெழுத்துப் போட்டோம். அடுத்த வருடமே, 2020 செப்டம்பரில், வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி, ஒரு அமைப்பு வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது என்றார்கள். எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்கு அதோடு குழாய் அடைபட்டது. மீதி மூன்று வருட வாடகையை எப்படிக் கட்டினோம் என்பது தனிக் கதை. அரசு ஊழியர் தோழர்கள் சிலர் மாதாமாதம் ஐந்நூறும் ஆயிரமும் கொடுத்துத்தான் அந்த வண்டி ஓடியது.

கார் வைத்திருக்கிற என்.ஜி.ஓ. என்றால் ஊரில் ஒரு பேச்சு உண்டு. சேரிப் பெயரைச் சொல்லிக் காரில் திரிகிறார்கள் என்று எங்கள் காதுபடவே பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கார் எடுப்பதற்கு முன்னால் வாடகை வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தோம். போக வேண்டிய ஊரின் பெயரைச் சொன்னால் வருவார்கள், எந்தத் தெரு என்று சொன்னதும் "மெயின் ரோட்டுலயே இறங்கிக்குங்க சார், உள்ள வண்டி திரும்பாது" என்பார்கள். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் திரும்புகிற தெருவில் கார் திரும்பாதாம். ஒருமுறை நாங்கள் காலனிக்குப் போய்ச் சேர்வதற்குள் யார் யார் வருகிறோம், யாரைப் பார்க்கப் போகிறோம் என்ற விவரம் ஊருக்குள் போய்விட்டிருந்தது. வண்டி ஓட்டியவர் டீக்கடையில் இறங்கிப் போன் பேசியது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது.

1929இல் பாபாசாகேப் அம்பேத்கர், தீண்டப்படாதவர்களின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராகச் சுற்றுப்பயணம் போனபோது சாலிஸ்காவில் என்ன நடந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். குதிரைவண்டிக்காரர்கள் அவருக்கு வண்டி ஓட்ட மறுத்தார்கள். விருந்தாளியை நடக்கவைக்க மனமில்லாத நம் மக்கள், வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத தங்களில் ஒருவரை ஓட்டவைத்தார்கள். பாலத்தில் சக்கரம் சிக்கி அவர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார், கால் முறிந்தது. அரசுக் குழுவின் உறுப்பினருக்கே அந்த நிலை. அதனால் சாவி நம் கையில் இருக்கிற ஒரு வண்டி வேண்டும் என்று நாங்கள் நினைத்ததில் சொகுசு எதுவும் இல்லை.

பேருந்தில் போனால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. நாங்கள் தினமும் போகிறோம். சாட்சிகளை அழைத்துக்கொண்டு போவதுதான் வேறு. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தது பேருந்தில்தான். அந்தப் பேருந்தை மறித்துத்தான் ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். எங்கள் வயதுக்காரர்களுக்கு அது பள்ளிக்கூட நாட்களில் காதில் விழுந்த செய்தி. சாட்சியை வீட்டு வாசலில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்க வேண்டும் என்பதை அப்போதிருந்தே அறிந்திருந்தோம்.

சரி, வண்டி திருப்பிக் கொடுத்த விஷயத்துக்கு வருவோம். கெடு முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே கம்பெனியிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. எது இயல்பான தேய்மானம், எது சேதம், எந்தச் சேதத்துக்கு எவ்வளவு என்று நாலு பக்கம். எங்கள் கணக்கு பார்க்கும் அக்கா அதைப் பிரிண்ட் எடுத்து அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வண்டியைச் சுற்றி உட்கார்ந்தோம்.

வேறு அமைப்புத் தோழர்களுக்குப் பயன்படலாம் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். கீறல் மேல் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தட்டாமல் போனால் பாலிஷ் போட்டாலே போய்விடும், நகம் மாட்டினால் பெயின்ட் வேலை. டயர்ப் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு மேடாக இருக்கும். டயர் அந்த மேடு வரை தேய்ந்துவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று பொருள், சட்டப்படியே அதற்குமேல் ஓட்டக் கூடாது. எங்கள் முன்டயர் இரண்டும் அந்த நிலையில் இருந்தன, மாற்றினோம், 9,800 ரூபாய். டொக்கு எடுக்கத் தெரிந்த டிங்கரிங் பட்டறை அண்ணன் ஒருவர் இருக்கிறார், ஒரு கதவுக்கு 3,500 கேட்டார். ஆனால் கம்பெனி அங்கீகரித்த பட்டறையில்தான் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஒப்பந்தத்தை எடுத்த அன்றே படித்திருக்க வேண்டும், நாலு வருடம் கழித்துப் படித்தோம். இரண்டாவது சாவி யாரிடம் என்று ஒரு வாரம் தேடினோம். ஊரடங்கில் அரிசி மூட்டை ஏற்றிப் போன தோழர் வீட்டுச் சாமி மாடத்தில் இருந்தது. ஃபாஸ்டேக்கை உரித்து எடுத்துக் கணக்கை மூடிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்தவர் போகும் சுங்கச்சாவடிக்கு உங்கள் பணம் போகும்.

முக்கியமானது இதுதான். வண்டியின் பாட்டுப் பெட்டியோடு உங்கள் போனை இணைத்திருப்பீர்கள். போனில் உள்ள பெயர்களும் எண்களும் அதற்குள் போய் உட்கார்ந்திருக்கும். எங்கள் வண்டியில் திறந்து பார்த்தபோது நான்கு போன்களின் பட்டியல் இருந்தது. எந்தச் சாட்சிக்கு எந்தத் தேதியில் பேசினோம் என்பது வரை. நீதிமன்றத்தில் சாட்சியின் முகவரியை மறைக்க மனுப் போட்டு அலைந்த நாங்கள், எண்களை இப்படி ஊர்ஊராக ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறோம். எல்லாவற்றையும் அழித்தோம். சீட்டுக்கு அடியில் ஒரு வாக்குமூல நகல் வேறு கிடந்தது. அதில் டீ கொட்டியிருந்தது. அன்றைக்கு நாங்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

மற்றபடி சீட்டுக்கு அடியில் கிடந்தவை கடலைத் தோல், ஒற்றைச் செருப்பு, வாய்தாத் தேதி எழுதிய சிகரெட் அட்டை, காய்ந்துபோன முருங்கைக் காம்பு. பின் கண்ணாடியில் யாரோ ஒரு பெண்பிள்ளை ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு. வெளிப்பக்கம் நாங்கள் ஒட்டிய சின்ன நீல அம்பேத்கர் ஸ்டிக்கரை எடுக்கத்தான் அதிக நேரம் ஆனது. ஒட்டும்போதே எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது, அடையாளம் தெரிந்தால் வண்டியை மறிப்பார்கள் என்று. மறித்தார்கள், போலீசும் சேர்த்துத்தான். பக்கத்து வீட்டில் முடி உலர்த்தும் மெஷினை வாங்கிச் சூடு காட்டி, தேங்காய் எண்ணெய் தடவி, நகத்தால் சுரண்டி எடுத்தோம். எடுத்த பிறகும் அந்தச் சதுரம் மட்டும் கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது.

இடது பின்கதவில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, ஜன்னலுக்குக் கீழே வழிந்து காய்ந்து ஏறிப்போன வெற்றிலைச் சாற்றுக் கறை. இன்னொன்று, கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கை அளவு டொக்கு. இரண்டுக்கும் காரணம் ஒரே பாட்டி.

பாட்டியின் பெயரையும் ஊரையும் எழுதப்போவதில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவர் கண்முன்னால் நடந்த தாக்குதலுக்கு அவர்தான் முதல் சாட்சி. உறவுக்காரர்களே பேரம் பேசிப் பார்த்தார்கள், ஊரிலிருந்து ஆள் விட்டார்கள், அவர் அசையவில்லை. வாய்தாவுக்குப் போகும் நாளெல்லாம் இடது பின்சீட்டில்தான் உட்காருவார், ஜன்னல் அங்கேதான் நன்றாக இறங்கும் என்பார். நாங்கள் ஒரு டப்பா கொடுத்து அதில் துப்பச் சொன்னோம். "காரு போற வேகத்துல எல்லாம் காத்தோட போயிடும்ப்பா" என்றார். காற்றோடு போகவில்லை, கதவில்தான் போயிருக்கிறது. வாட்டர் வாஷ் பையன் எலுமிச்சையும் சோப்பும் போட்டுத் தேய்த்ததில் முக்கால்வாசி போனது.

டொக்கு விழுந்தது மூன்றாவது வாய்தா முடிந்து திரும்பியபோது. ஊர் முகப்பைத் தாண்டிக் காலனிப் பாதைக்குத் திரும்புகிற இடத்தில் கல் வந்தது. கதவில் பட்ட சத்தத்தில் ஓட்டிய தோழர் பிரேக் போட்டுவிட்டார். பாட்டி முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "நிக்காத, போ" என்றார். அரை ஜாண் மேலே வந்திருந்தால் கண்ணாடி. இறங்கவைத்து வீட்டுக்குள் போய் உட்கார்ந்தபோதுதான் அவர் கை நடுங்குவதைப் பார்த்தோம்.

சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம், இது எங்களுக்குத் தெரியாததல்ல. 2015 திருத்தத்தில் சேர்த்த 15ஏ பிரிவைப் பற்றி ஊர்ஊராகப் பயிற்சி கொடுக்கிறவர்கள் நாங்கள். ஆனாலும் அன்று புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் மறுநாளே எதிர்வழக்கு வரும், அதில் பாட்டியின் பேரன் பெயர் இருக்கும், அவன் அப்போதுதான் பாலிடெக்னிக் சேர்ந்திருந்தான். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் அவரைக் கேட்கவும் இல்லை, இப்போது நினைக்கையில் அதுதான் உறுத்துகிறது. எஃப்.ஐ.ஆர். இல்லாததால் இன்சூரன்சுக்கும் போகவில்லை. கம்பெனிப் பட்டியலில் கதவு டொக்கு ஒன்றுக்கு 8,500 ரூபாய்.

ஆய்வுக்கு வருகிறவரிடம் என்ன சொல்வது என்று அலுவலகத்தில் பேச்சு வந்தது. மாடு முட்டியது என்று சொல்வோம் என்றார் ஓட்டுநர் தோழர். மாடு முட்டினால் மட்டும் காசு கேட்க மாட்டார்களா என்று ஒருவர். கணக்கு அக்காதான் முடித்துவைத்தார்: "பாட்டிக்கு நாம என்ன சொல்லிக் குடுத்தோம்? பாத்தத பாத்தபடி சொல்லுங்கன்னுதானே. நாமளும் அதையே சொல்லுவோம், காசு போனா போவுது."

அந்த அக்கா இன்னொரு வேலையும் செய்தார், அதைத்தான் இந்தக் கட்டுரையில் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கிலோமீட்டர் மீட்டர் 86,412 காட்டியது. 6,412 கூடுதல், அபராதம் 22,442 ரூபாய். இவ்வளவு எங்கே ஓடியது என்று நாங்களே ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தோம். யாராவது சொந்த வேலைக்கு எடுத்துப் போனார்களா? அக்கா நான்கு வருட லாக் புத்தகங்களையும் எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு இரவு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் ஒரு தாளை மேசையில் வைத்தார். அலுவலகத்திலிருந்து பாட்டி ஊருக்கு 38 கிலோமீட்டர். அங்கிருந்து நீதிமன்றத்துக்கு 54. போய், வந்து, வீடு திரும்ப 184. அந்த ஒரு வழக்குக்கு மட்டும் நாங்கள் போன வாய்தா 31. பெருக்கினால் 5,704.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து முடிந்தவரை இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்கச் சொல்கிறது. தள்ளிவைக்காமல் நாள்தோறும் நடத்தவும் சொல்கிறது. எங்கள் 31இல் சாட்சிக் கூண்டில் பாட்டி ஏறியது இரண்டே நாள். மற்ற நாட்களில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வரவில்லை, குற்றவாளிகளில் ஒருவருக்குக் காய்ச்சல், அரசு வழக்கறிஞர் மாற்றம், நீதிபதி விடுப்பு, சம்மன் சார்வாகவில்லை. லாக் புத்தகத்தில் ஓட்டுநர் தோழர் 'காரணம்' என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் எழுதி வைத்திருக்கிறார்: வாய்தா. வாய்தா. வாய்தா. ஒரு இடத்தில் மட்டும் 'மறுபடி வாய்தா, பாட்டிக்கு மயக்கம், இளநீர் 40 ரூ.' என்று இருந்தது.

இந்தப் பயணத்துக்கான செலவு எங்களுடையதும் அல்ல, பாட்டியுடையதும் அல்ல. 1995 விதிகளில் 11ஆவது விதி தெளிவாகச் சொல்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் சாட்சிகளுக்கும் வீட்டிலிருந்து விசாரணை நடக்கும் இடத்துக்குப் போய்வர ரயில் கட்டணம், அல்லது பேருந்து, டாக்சிக்கு ஆன உண்மையான செலவைக் கொடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும், இல்லையென்றால் முழுச் செலவையும் திருப்பித் தர வேண்டும். பெண் சாட்சி, அறுபது வயது கடந்தவர் என்றால் துணைக்கு ஓர் ஆளை அழைத்து வரலாம், அவருக்கும் செலவு உண்டு. போன நாளுக்கு விவசாயக் கூலிக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத தினப்படி வேறு. இதெல்லாம் உடனே, தாமதித்தால் மூன்று நாளுக்குள். பாட்டிக்கு 31 நாள் கூலி போயிருக்கிறது. துணைக்கு வந்த பேரனுக்குக் கல்லூரி போயிருக்கிறது. ஒரு ரூபாய் வந்ததில்லை. ஒருமுறை வாய்மொழியாகக் கேட்டபோது, "பில் இருக்கா?" என்றார்கள். எங்கள் வண்டிக்கு நாங்களே எப்படிப் பில் போட்டுக்கொள்வது என்று தெரியாமல் திரும்பி வந்தோம். பயிற்சிகளில் 11ஆவது விதியை வரி வரியாக விளக்குகிறவர்கள், எழுத்தில் ஒரு மனுக்கூடப் போடாமல் நான்கு வருடம் இருந்தோம். வண்டி இருந்ததால் இருந்துவிட்டோம் என்றுதான் தோன்றுகிறது. நம் கையில் சாவி இருக்கும்போது அரசின் கையில் இருப்பதைக் கேட்க மறந்துவிடுகிறது.

ஆய்வு நாளன்று வந்தவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கையில் டேப்லெட், சின்ன டார்ச், டயர் ஆழம் பார்க்கும் ஊசி. மரியாதையான பிள்ளை. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் பார்த்தார். சர்வீஸ் புத்தகம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார். நின்று, குனிந்து, நாற்பது போட்டோ எடுத்தார். கண்ணாடியில் இருந்த அந்தச் சதுரத்தைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இடது பின்கதவுக்கு வந்ததும் விரலால் தடவினார்.

"இது எப்படி சார் ஆச்சு?"

"கல்லால அடிச்சாங்க."

"யாரு?"

"ஒரு சாட்சிய கூட்டிட்டு வந்தோம். ஊருக்கு வெளிய."

"எஃப்.ஐ.ஆர். போட்டீங்களா?"

"இல்ல."

எந்த ஊர் என்று கேட்டார். சொன்னோம். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அடுத்த நொடியே தோன்றியது. அவர் தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரம் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு எதையோ தட்டினார். கடைசியில் கையெழுத்துக்காக நீட்டியபோது அந்தக் கதவுக்கு நேராக இருந்தது: 'சாலையில் கல் தெறித்தது. இயல்பான தேய்மானம். கட்டணம் இல்லை.'

"எதுக்கு சார் உங்களுக்கு எட்டாயிரத்து ஐந்நூறு வீண் செலவு" என்றார் மெதுவாக.

கையெழுத்துப் போட்டோம். நன்றி என்றும் சொன்னோம். அவர் சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஓட்டுநர் தோழர் வாசலில் நின்று, அவர் கியர் மாற்றுகிற விதத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பேருந்தில் திரும்பும்போது சண்டை. நம்ம பையன், அதனால்தான் உதவினான் என்றார் ஒருவர். அந்த ஊர்க்காரனாக இருப்பான், ஊர்ப் பெயர் பதிவில் வரக் கூடாது என்று செய்திருப்பான் என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லாமல் வெறுமனே நல்ல பிள்ளையாகவும் இருக்கலாம். ஐந்து பேரும் அவருடைய முகம், பேச்சு, கையில் கட்டியிருந்த கயிற்றின் நிறம் என்று ஒவ்வொன்றாக எடுத்து அவர் யார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். சமூகவியலில் முதுகலை படித்ததெல்லாம் இதற்குத்தானா என்று பாதியில் வெட்கமாகிப் பேச்சு நின்றது.

ஆனால் அந்த வாசகம் நிற்கவில்லை. வீடு புகுந்து அடித்ததை 'இரு தரப்பினரிடையே தகராறு' என்று காவல் நிலையத்தில் எழுதும்போது எத்தனை முறை கத்தியிருக்கிறோம். பேனாவைப் பிடுங்காத குறையாக ஒவ்வொரு சொல்லுக்கும் நின்றிருக்கிறோம். கல் தானாகத் தெறித்தது என்று ஒருவர் எழுதியதற்குக் கீழே நாங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், அதற்கு நன்றியும் சொல்லியிருக்கிறோம். 8,500 ரூபாய் எங்களுக்குப் பெரிய தொகைதான். ஒருவரின் அரை மாதச் சம்பளம். அந்தப் பிள்ளைமேல் எங்களுக்குக் கோபம் இல்லை. திருத்தச் சொல்லிக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பலாமா என்று கேட்டபோது யாரும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் வேலைக்குக் கெடுதல் வரும் என்று ஓட்டுநர் தோழர் சொன்னார். அதுவும் உண்மைதான். அனுப்பவில்லை.

பாட்டியிடம் போய்ச் சொன்னோம், இனி அந்தக் கார் வராது என்று. "கடன் கட்டலன்னு தூக்கிட்டுப் போயிட்டானுங்களா?" என்றார். இல்லை, கெடு முடிந்தது என்று விளக்கினோம். நம்பினாரா தெரியவில்லை. உள்ளே போய் முடிச்சிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்து வந்து நீட்டினார். வாங்கவில்லை என்று கோபித்துக்கொண்டார். கல் வந்த அன்றைக்கு ஏன் புகார் கொடுக்கலாமா என்று உங்களைக் கேட்கவில்லை என்று நாங்கள் கேட்டோம், அல்லது கேட்க முயன்றோம். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "கேட்டிருந்தா குடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து பில் வந்தது. கூடுதல் கிலோமீட்டர் 6,412, தொகை 22,442 ரூபாய். கணக்கு அக்கா அதை இரண்டு நகல் எடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தார்களே, பில். பாட்டி பெயரிலும் துணைக்கு வந்த பேரன் பெயரிலும் 11ஆவது விதியின் கீழ் மனு எழுதினோம். 31 வாய்தாவின் தேதி, ஒவ்வொன்றுக்கும் லாக் புத்தகப் பக்கம், நீதிமன்ற டைரியில் அன்றைக்கு எழுதியிருந்தது, தினப்படிக் கணக்கு, வண்டிச் செலவு. எழுதும்போது ஓட்டுநர் தோழர், மூன்றாவது வாய்தாவுக்கு நேராகக் கல் விழுந்ததையும் எழுதலாமா என்றார். இந்த முறை பாட்டியைப் போனில் கேட்டுவிட்டு, எழுதினோம்.

ஆட்சியர் அலுவலகத் தபால் பிரிவில் இருந்தவர் மனுவைப் புரட்டிக் கம்பெனி பில்லில் நின்றார்.

"இது என்னங்க, கார் கம்பெனி பில்லு? இதுக்கும் பிசிஆர் கேசுக்கும் என்ன சம்பந்தம்?"

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து 38, 54, 184 என்று ஆரம்பித்தார். அவர் பாதி கேட்டுவிட்டு சீல் குத்திக் கொடுத்தார். ஒப்புகைச் சீட்டு எங்களிடம் இருக்கிறது.

அடுத்த வாய்தா வரும் 11ஆம் தேதி. காலனியிலேயே ஒரு தம்பி கடன் வாங்கி மாருதி வேன் எடுத்திருக்கிறான், டீசல் போட்டால் போதும் என்றான். அது பெட்ரோல் வண்டி என்று ஓட்டுநர் தோழர் திருத்தினார். பாட்டிக்குச் சொல்லிவிட்டோம். எந்தப் பக்கத்து ஜன்னல் முழுசாக இறங்கும் என்று கேட்டு வைக்கச் சொன்னார்.